பக்கத்தில் ஒருவர் உடைந்து அழும்போது என்ன செய்யலாம், எதை விட்டுவிடலாம்

நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்துகிறார், எச்சிலை விழுங்குகிறார், பார்வையைச் சுவர்ப்பக்கம் திருப்புகிறார், கீழுதடு லேசாகத் துடிக்கிறது, அடுத்த நொடி கண் நிறைந்துவிடுகிறது. இந்த இடத்தில் நம்மில் முக்கால்வாசிப் பேர் வாயில் தன்னால் வருவது "அய்யோ, அழாதே, ஒன்னும் இல்ல" என்பதுதான். கெட்ட எண்ணத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எதிரே ஒருவர் அழுதால் நமக்குத் தாங்குவதில்லை, அதனால் எப்படியாவது அதை நிறுத்திவிடப் பார்க்கிறோம். அந்த ஒரு பழக்கத்தை விடச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அழுகையை நிறுத்துவது உங்கள் வேலை இல்லை, அது தானாக நிற்கும். நிற்கும்வரை அந்த ஆள் தனியாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். துக்கத்தில் வரும் கண்ணீருக்கும் இது பொருந்தும், சந்தோஷத்தில் வருவதற்கும் பொருந்தும், உங்களுக்கே அழுகை வரும்போதும் பெரும்பாலும் இதேதான்.

முதலில் உடம்பில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் பதற்றம் பாதி குறையும். கண்ணீர் மூன்று வகை. கண் காய்ந்துவிடாமல் எப்போதும் கசிந்துகொண்டே இருப்பது ஒன்று, தூசியோ புகையோ பட்டால் வருவது ஒன்று, மனசு கலங்கி வருவது ஒன்று. பிறந்த குழந்தை வீறிட்டு அழும், ஆனால் கன்னத்தில் கண்ணீர் வழியாது, சில வாரங்கள் போனபிறகுதான் அது வர ஆரம்பிக்கும். மேல் இமைக்குள் வெளி ஓரமாக இருக்கும் சுரப்பியில் கண்ணீர் ஊறுகிறது, மூக்கை ஒட்டிய உள் ஓரத்தில் இமைகளில் இருக்கும் சின்னச் சின்னத் துளைகள் வழியே மூக்குக்குள் இறங்கிவிடுகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தான். அந்தத் துளைகள் சமாளிக்கிற அளவைத் தாண்டி ஊறினால் கன்னத்தில் வழிகிறது. ஆகவே ஒருவர் பேச்சுக்கு நடுவே மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தால், கண்ணில் ஒன்றும் தெரியாவிட்டாலும், உள்ளே ஏற்கெனவே ஆரம்பமாகியிருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசும்போது இது ரொம்ப உதவும், ஏனென்றால் அங்கே முகம் தெரியாது, அந்த உறிஞ்சல் மட்டும்தான் கேட்கும்.

அழுதால் உடம்பில் இருக்கும் நச்செல்லாம் கண்ணீரோடு வெளியே போய்விடும் என்று ஒரு மெசேஜ் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது நிரூபிக்கப்பட்ட விஷயம் இல்லை. அழுதால் மனசு லேசாகும் என்பது மட்டும் பாதிக்குமேல் உண்மை. 2008ல் ஒரு ஆய்வுக்குழு மூவாயிரத்துக்கும் அதிகமான அழுகை அனுபவங்களை எடுத்துப் பார்த்தது. பெரும்பாலானவர்கள் அழுதபிறகு தேவலை என்றார்கள், மூன்றில் ஒரு பங்குப் பேர் எந்த வித்தியாசமும் இல்லை என்றார்கள், பத்தில் ஒரு பங்குப் பேர் இன்னும் மோசமானது என்றார்கள். நமக்கு முக்கியமானது இதற்கு அடுத்த விஷயம். அழும்போது பக்கத்தில் ஆறுதலாக யாராவது இருந்தவர்களுக்குத்தான் மனசு தேறியது அதிகம். அழுகை பயன் தருமா தராதா என்பதில் பக்கத்தில் இருக்கிறவருக்கும் ஒரு பங்கு உண்டு, அதாவது உங்களுக்கு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நெதர்லாந்தில் அழுகையைப் பற்றியே பல வருடங்களாக ஆராய்ந்துவரும் அட் ஃபிங்கர்ஹூட்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2015ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சோகப் படம் பார்த்து அழுதவர்களுக்கு அழுது முடித்த கையோடு மனநிலை கீழே போனது, இருபது நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தது, தொண்ணூறு நிமிடம் கழித்துக் கேட்டபோது படம் பார்ப்பதற்கு முன்பு இருந்ததைவிட நன்றாக இருந்தது. ஆகவே கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் "இப்ப பரவாயில்லையா?" என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் யாருக்கும் பரவாயில்லாமல் இருக்காது. ஆமாம் என்று பொய் சொல்ல வேண்டிய கட்டாயம் மட்டும்தான் அவருக்கு வரும்.

முதல் சில நிமிடங்கள்

சரி, எதிரே ஒருவர் அழ ஆரம்பித்துவிட்டார். நின்றுகொண்டிருந்தால் உட்காருங்கள். அவர் உட்கார்ந்திருக்க நீங்கள் நின்றபடி குனிந்து பார்த்தால், கேள்வி கேட்கிற அதிகாரிபோல இருக்கும். நேர் எதிரே உட்காருவதைவிடப் பக்கவாட்டில், கொஞ்சம் சாய்வாக உட்காருவது நல்லது, அழுகிற முகத்தை உற்றுப் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் அவருக்கு வராது. கையில் போன் இருந்தால் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள், பையில் போட்டால் இன்னும் நல்லது. அவர் பார்க்கட்டும், எனக்கு வேறு அவசரம் இல்லை என்று வாயால் சொல்வதைவிட இது தெளிவாகச் சொல்லிவிடும்.

டிஷ்யூவை எடுத்துக் கையில் திணிக்காதீர்கள். நல்லெண்ணத்தில்தான் கொடுக்கிறோம், ஆனால் முதல் சொட்டு விழுந்த உடனே நீட்டினால் "துடைச்சுக்கோ, போதும்" என்பதுபோல அவருக்குப் படலாம். கைக்கு எட்டுகிற இடத்தில் பேசாமல் வையுங்கள், வேண்டுமென்றால் எடுத்துக்கொள்வார். தண்ணீரும் அப்படித்தான். விம்மல் ஓங்கியிருக்கும்போது தண்ணீர் குடிக்கச் சொன்னால் புரையேறும், மூச்சு கொஞ்சம் சீரானபிறகு கொடுங்கள்.

தொடுவதா வேண்டாமா? சிலருக்குத் தோளில் ஒரு கை பட்டால் போதும், அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்துவிடும், அதுதான் அவருக்குத் தேவையாகவும் இருக்கும். சிலருக்கு யாரும் தொடவே கூடாது, தொட்டால் உடம்பே விறைத்துப்போகும். எனவே நெருக்கமானவர் என்றால்கூட முதலில் கையை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அவரே பிடித்துக்கொண்டால் சரி. இல்லையென்றால் "கட்டிக்கவா?" என்று கேட்டுவிடலாம், கேட்பதில் தப்பே இல்லை. அணைத்துக்கொண்டபிறகு முதுகைத் தடதடவென்று தட்டாதீர்கள். அது கிளம்பலாம் என்பதற்கான சைகைபோல ஆகிவிடும். கை அசையாமல் இருந்தாலே போதும், அவர் விலகும்வரை நீங்கள் விலக வேண்டாம்.

அப்புறம், மௌனம். இதுதான் எல்லாருக்கும் கஷ்டமான பகுதி. ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நான் பார்த்த காட்சி ஒன்று இருக்கிறது. ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண், தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கூட வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருந்தார்கள், பெரிய டாக்டர் இருக்கிறார், கவலைப்படாதே, என் சொந்தக்காரருக்கும் இப்படித்தான் ஆச்சு, எழுந்து வந்துட்டார் என்று. அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், அழுகை கூடிக்கொண்டே போனது. அவர்கள் பில் கட்ட எழுந்து போன நேரத்தில், தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் வந்து துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "யாரும்மா உள்ள?" என்று மட்டும் கேட்டார். "என் பையன்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ரெண்டு பேரும் பேசவே இல்லை, அந்தப் பெண் இவருடைய கையைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கி, மகனைப் பற்றி இவராகவே பேச ஆரம்பித்தார், எந்த வகுப்பு படிக்கிறான், என்ன பிடிக்கும் என்றெல்லாம். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் யாருக்கும் அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். ரெண்டே சொல், பதில் சொல்லக்கூடிய கேள்வி. "ஏன் அழுற?" என்பது அப்படிப்பட்டதில்லை, அது விளக்கம் கேட்கிறது, அழுகிறவருக்கு அந்த நேரத்தில் காரணத்தைக் கோவையாகச் சொல்ல வராது, சில சமயம் அவருக்கே தெரியாது.

என்ன சொல்வது

கொஞ்சமாகச் சொன்னால் போதும். "நான் இங்கதான் இருக்கேன்." "அவசரமே இல்ல, மெதுவா." "ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது." "சொல்லணும்னு தோணுனா சொல்லு, இல்லன்னா சும்மா உட்காருவோம்." என்ன சொல்வதென்றே தெரியவில்லை என்றால் அதையே சொல்லுங்கள்: "என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல, ஆனா உன்னை விட்டுட்டுப் போகமாட்டேன்." இதைவிட நேர்மையான ஆறுதல் கிடையாது என்பது என் எண்ணம்.

பேச ஆரம்பித்துவிட்டார் என்றால் அவர் சொன்னதிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துத் திருப்பிக் கேளுங்கள். "அவர் என்னைப் பார்க்கவே இல்ல" என்று சொன்னால், "பார்க்கவே இல்லையா?" என்று கேட்டால் போதும், மீதியை அவரே சொல்வார். நடுவில் அழுகை மறுபடி வரும், வரட்டும், பேச்சை நிறுத்திக் காத்திருங்கள். அழுகை அலை அலையாகத்தான் வரும், ஒரே மூச்சில் வந்து முடிவதில்லை, கொஞ்சம் ஓயும், ஏதோ ஒரு சொல்லில் மறுபடி பொங்கும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறையும்.

இனி, எதைச் சொல்லக்கூடாது. "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்பதை நான் முதலில் வைப்பேன். பல வருடம் கழித்து அவரே அப்படிச் சொல்லிக்கொள்ளலாம், இன்றைக்கு நீங்கள் சொல்ல முடியாது. "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர்" என்றால், ஏற்கெனவே இருக்கும் வலியோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். "எனக்கும் இப்படித்தான் ஆச்சு" என்று ஆரம்பித்து உங்கள் கதையைச் சொல்லாதீர்கள், பேச்சு உங்கள் பக்கம் வந்துவிடும், கடைசியில் அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பார். உங்கள் அனுபவம் உண்மையிலேயே உதவும் என்றால் இன்னொரு நாள், அவர் கேட்டால், சொல்லலாம். "தைரியமா இரு" என்பதும் அப்படியே. இப்போது அழுவது தைரியக் குறைவு என்ற அர்த்தம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. குழந்தை கலைந்துபோன பெண்ணிடம் "இன்னொன்னு பெத்துக்கலாம்" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள், அவர் அழுவது போன அந்தக் குழந்தைக்காக.

யோசனை சொல்வதும் அந்த நேரத்துக்கு ஆகாது. வேலை போனதற்காக அழுகிறவரிடம் மூன்றாவது நிமிடத்தில் எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னால், தகவல் சரியானதாகவே இருந்தாலும் காதில் ஏறாது. குழப்பமாக இருந்தால் நேராகவே கேட்கலாம்: "யோசனை வேணுமா, இல்ல சும்மா கேட்கணுமா?" பெரும்பாலும் சும்மா கேட்கணும் என்றுதான் பதில் வரும்.

போனில் அழுகிறவர் என்றால் ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. நீங்கள் பேசாமல் இருந்தால் இணைப்பு போய்விட்டதோ என்று அவருக்குச் சந்தேகம் வரும், "ஹலோ, ஹலோ" என்று கேட்டு அழுகையே அறுபட்டுவிடும். அதனால் நேரில் இருப்பதைவிடக் கொஞ்சம் அடிக்கடி குரல் கொடுங்கள், "ம்", "இருக்கேன்", "கேட்குது" என்று. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்திவிட்டேன் என்று சொல்லுங்கள். வைக்கும்போது, அடுத்து எப்போது கூப்பிடுவீர்கள் என்று நேரம் சொல்லிவிட்டு வையுங்கள், சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுங்கள்.

ஆபீஸ் மீட்டிங்கில் யாராவது கண் கலங்கினால் எல்லாரும் அவரையே பார்க்காமல் இருப்பதுதான் பெரிய உதவி. "அஞ்சு நிமிஷம் பிரேக் எடுப்போம்" என்று ஒருவர் சொன்னால் போதும், அதற்குமேல் அங்கே எதுவும் செய்யத் தேவையில்லை.

சாவு வீட்டுத் துக்கம்

ஒருவரைப் பறிகொடுத்தவருக்கு முதல் சில நாட்கள் ஆட்கள் சூழ்ந்திருப்பார்கள். உங்களால் ஒரே ஒரு விஷயம்தான் செய்ய முடியும் என்றால், முதல் வாரத்தை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, எல்லாரும் கலைந்துபோனபிறகு வருகிற வாரங்களை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வீடு காலியாகும், போன் வருவது நிற்கும், அப்போதுதான் நிஜமாகவே உறைக்கும்.

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்லாதவர் இல்லை, அதைக் கேட்டுப் போன் பண்ணுகிறவரும் இல்லை. என்ன வேண்டும் என்று யோசிப்பதே அந்த நிலையில் ஒரு பெரிய வேலை. அதற்குப் பதிலாகக் குறிப்பாகச் சொல்லுங்கள்: வியாழக்கிழமை வங்கிக்கு நான் கூட வருகிறேன், பிள்ளைகளை இந்த வாரம் நான் பள்ளியில் விடுகிறேன், அந்த விண்ணப்பங்களை உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன். ஒருவர் இறந்தபிறகு செய்ய வேண்டிய எழுத்து வேலைகள் கொட்டிக் கிடக்கும், ஒவ்வொரு மேசையிலும் இறந்தவர் பெயரையும் தேதியையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். அங்கே அவருக்குப் பதிலாகப் பேச ஒரு ஆள் பக்கத்தில் நின்றாலே எவ்வளவோ.

இறந்தவர் பெயரைச் சொல்லப் பயப்படாதீர்கள். பெயரை எடுத்தால் ஞாபகம் வந்து அழுதுவிடுவாரே என்று தயங்குகிறோம். அவர் மறந்தால்தானே ஞாபகம் வருவதற்கு. தான் நேசித்தவரின் பெயரை உலகத்தில் யாருமே சொல்லாமல் போய்விட்டார்களே என்பதுதான் பலருக்கும் இருக்கும் ஏக்கம். "அவர் இருந்தா இந்நேரம் எப்படிச் சிரிச்சிருப்பார்" என்று ஒரு வரி சொல்லிப் பாருங்கள், கண்ணில் தண்ணீரும் உதட்டில் சிரிப்பும் சேர்ந்தே வரும்.

சேர்ந்து வந்தால் தப்பில்லை. அம்மா போய் ரெண்டு வாரம்தான் ஆகிறது, எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துவிட்டேன், எனக்கு மனசாட்சியே இல்லையா என்று வருத்தப்படுகிறவர்கள் நிறையப் பேர். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற ரெண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999ல் இதைத்தான் விளக்கினார்கள்: துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவார், அந்தப் போக்குவரத்தே தேறிவருவதற்கான வழி. சிரிப்பும், வேலைக்குப் போவதும், புதுச் செருப்பு வாங்குவதும் துரோகம் இல்லை. அதேபோல, எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969ல் சொன்ன ஐந்து நிலைகள், மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு, பலருக்கும் தெரிந்திருக்கும். அது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி எழுதியது. எல்லாரும் வரிசையாகத் தாண்டியே ஆக வேண்டிய படிகள் இல்லை அவை. "நீ இன்னும் கோபத்திலயே நிக்குற" என்று யாரிடமும் கணக்குப் பார்க்காதீர்கள்.

ஒரு சிலர் அழவே மாட்டார்கள். அடக்கம் முடியும்வரை எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்வார்கள், சுற்றியிருப்பவர்கள் கல்நெஞ்சம் என்பார்கள், அல்லது "அழுதுடு, அழுதுடு" என்று உலுக்குவார்கள். ரெண்டுமே வேண்டாம். அழாதவருக்குத் துக்கம் இல்லை என்று அர்த்தம் கிடையாது, சிலருக்கு மாதங்கள் கழித்து, ஒரு பழைய சட்டையை மடிக்கும்போது வரும், சிலருக்குக் கண்ணீராக வராமலே ஆறிவிடும். அந்த வீட்டில் அதிகம் அழுகிறவரை எல்லாரும் கவனிப்பார்கள், நீங்கள் அழாமல் ஓடிக்கொண்டிருப்பவரைக் கவனியுங்கள், சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேளுங்கள். ஆண்களுக்கு இது இன்னும் அதிகம் பொருந்தும், ஆம்பளை அழக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவருக்கு அழுகை வந்தாலும் கோபமாகத்தான் வெளியே வரும்.

சந்தோஷக் கண்ணீர்

ரிசல்ட் வந்த நொடியில், பிரசவ அறைக்கு வெளியே, பல வருடம் கழித்து வந்து இறங்கும் மகனை விமான நிலையத்தில் பார்க்கும்போது, மனுஷன் அழுகிறான். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரியானா அரகோன் என்ற உளவியலாளர் 2015ல் இதை ஆராய்ந்து, தாங்க முடியாத அளவு சந்தோஷம் வரும்போது அதைச் சமநிலைக்குக் கொண்டுவர இந்த அழுகை உதவக்கூடும் என்றார். இங்கேயும் நாம் செய்வது அதே வேலைதான்: "நல்ல விஷயம் நடந்திருக்கு, எதுக்கு அழுற, சிரி, போட்டோ எடுப்போம்!"

போட்டோவுக்கு முன்னால் அரை நிமிடம் விடுங்கள். அந்தக் கண்ணீரில் வெறும் சந்தோஷம் மட்டும் இருக்காது. அதற்குப் பின்னால் எத்தனை வருடப் பயம், கடன், தோல்வி, யாருக்கும் சொல்லாத ராத்திரிகள் இருக்கும், அதெல்லாம் முடிந்தது என்று உடம்புக்குத் தெரிந்த நிமிடம் அது. பட்டம் வாங்கிய பெண் மேடையிலிருந்து இறங்கி அழுகிறாள் என்றால், அப்பா இதைப் பார்க்க இல்லையே என்பதும் அதில் இருக்கலாம். "யாரை நினைச்ச?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு பெயர் வரும்.

ஒருவர் நல்ல செய்தி சொல்லும்போது நாம் எப்படிக் கேட்கிறோம் என்பதையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஷெல்லி கேபிள் என்ற அமெரிக்க உளவியலாளர் தம்பதிகளைக் கவனித்து, நல்ல செய்திக்கு ஆர்வத்தோடு பதில் சொல்கிறவர்களின் உறவு நன்றாக இருப்பதைக் காட்டினார். செய்ய வேண்டியது சின்னது. "ஓ, நல்லது" என்று முடிக்காமல், "எப்ப தெரிஞ்சது? யார் சொன்னாங்க? உனக்கு அந்த நிமிஷம் எப்படி இருந்தது?" என்று கேட்பது, அவர் மறுபடி அந்த நிமிடத்துக்குள் போய்வர விடுவது. "சம்பளம் அதிகம்னா வேலையும் அதிகமா இருக்குமே" என்பது உண்மையாகவே இருந்தாலும் அதை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம். உங்களுக்கு உள்ளுக்குள் பொறாமையோ வருத்தமோ இருந்தால், அதுவும் மனித இயல்புதான், "எனக்கும் ஒரு மாதிரி இருக்கு, ஆனா உனக்காக நிஜமாவே சந்தோஷம்" என்று நெருக்கமானவரிடம் சொல்லலாம். நடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

உங்களுக்கே வரும்போது

வீட்டில், பாதுகாப்பான இடத்தில் என்றால் விட்டுவிடுங்கள், இதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. வெட்கப்பட்டு அடக்கி அடக்கி அழுதால் தொண்டை இறுகி வலிக்கும். முடிந்தால் நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் அழுங்கள், "யோசனை எதுவும் சொல்ல வேண்டாம், சும்மா இரு" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாவம், அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது.

இப்போது அழ முடியாது, ரெண்டு நிமிடத்தில் பேச வேண்டும், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நிலைமையில், கண்களை மேலே உயர்த்திச் சில தடவை சிமிட்டுங்கள், மூச்சை மெதுவாக, உள்ளே இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள், ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள், கண்முன்னால் இருக்கும் ஏதாவது ஒரு பொருளை விவரமாகக் கவனியுங்கள், கதவுக் கைப்பிடி எந்த உலோகம், எங்கே தேய்ந்திருக்கிறது என்பதுபோல. இது தள்ளிப்போடத்தான். ராத்திரி அதற்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள், இல்லையென்றால் வேறெங்காவது சம்பந்தமே இல்லாத இடத்தில் வெடிக்கும், பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள்மேல்.

அழுது முடித்தபிறகு கண் வீங்கியிருக்கும், தேய்க்காதீர்கள், தேய்த்தால் இன்னும் சிவக்கும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை மூடிய இமைமேல் கொஞ்ச நேரம் வையுங்கள். பெரிய முடிவு எதையும் அந்த ஒரு மணி நேரத்தில் எடுக்காதீர்கள், யாருக்கும் நீளமான மெசேஜ் அனுப்பாதீர்கள். எழுத வேண்டும் என்று தோன்றினால் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986ல் வெளியிட்ட சோதனையில், கல்லூரி மாணவர்களை மனதை அறுத்த அனுபவத்தைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுத வைத்தார். எழுதிய உடனே அவர்களுக்கு வருத்தம் கூடத்தான் செய்தது, ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போவது குறைந்திருந்தது. இலக்கணம் பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம்.

நீங்கள் அழுததைப் பிள்ளை பார்த்துவிட்டால் ஒளிக்காதீர்கள், "கண்ணுல தூசி" என்றால் அதற்குத் தெரியாமல் இல்லை, தன்னால்தான் என்று அது நினைத்துக்கொள்ளும், அதுதான் ஆபத்து. "அம்மாவுக்கு வருத்தமா இருக்கு, தாத்தா ஞாபகம் வந்துருச்சு, உன்னால இல்ல, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்று சொன்னால் போதும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்

இது முக்கியம், பொறுமையாகப் படியுங்கள். குழந்தை பெற்ற பெண் முதல் சில நாட்களில் காரணமே இல்லாமல் அழுவது மிகச் சாதாரணம், பெரும்பாலும் ரெண்டு வாரத்துக்குள் போய்விடும். ரெண்டு வாரம் தாண்டியும் தொடர்ந்தால், தூக்கமே இல்லை, குழந்தைமேல் ஒட்டுதலே இல்லை என்றால், "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பக்கவாதம் வந்தவரோ நரம்பு நோய் இருப்பவரோ மனசுக்குச் சம்பந்தமே இல்லாமல் திடீரென்று அழுவதோ சிரிப்பதோ இருந்தால் அது நோயின் பகுதியாகவே இருக்கலாம், அதற்கு மருந்து இருக்கிறது. துக்கத்துக்குக் காலக்கெடு கிடையாது என்றாலும், இறப்பு நடந்து ஆறு மாதம், ஒரு வருடம் ஆனபிறகும் அதே முதல் நாள் தீவிரத்தோடு நாள் தவறாமல் இருந்து, வேலை, சாப்பாடு, மனிதர்கள் எதுவும் ஒட்டவில்லை என்றால், மருத்துவத்தில் அதை நீடித்த துக்கம் என்று தனியாகவே பார்க்கிறார்கள், சிகிச்சை உண்டு.

"நான் இருந்து என்ன பிரயோஜனம்", "எல்லாத்தையும் முடிச்சுக்கலாம்போல இருக்கு" என்று ஒருவர் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும். ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள், கைக்கு எட்டுகிற மாத்திரை, பூச்சிமருந்து மாதிரியானவற்றை அப்புறப்படுத்துங்கள், "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்ற சத்தியத்தை மட்டும் செய்துகொடுக்காதீர்கள். மனநல மருத்துவரையோ, உதவி எண்ணையோ, பக்கத்து மருத்துவமனையையோ அவர் முன்னாலேயே நீங்கள் கூப்பிடுங்கள். அப்பாயின்ட்மென்ட் வாங்குவது, வண்டி ஏற்பாடு செய்வது, கூடப் போய் வெளியே உட்கார்ந்திருப்பது, அடுத்த தடவைக்கான தேதியைக் குறித்துக்கொள்வது இதையெல்லாம் நீங்களே எடுத்துச் செய்யுங்கள், அந்த நிலையில் இருப்பவருக்கு ஒரு போன் பண்ணுவதே மலைபோலத் தெரியும்.